யாரும் சாகாமல் ஒரு லீவு

அன்புக்கரசி தன் மாமியாரை இதுவரை மூன்று தடவை கொன்றிருக்கிறாள். ஒரு தடவை மாரடைப்பு, ஒரு தடவை மஞ்சள் காமாலை, ஒரு தடவை பாத்ரூமில் வழுக்கி விழுந்து. மாமியாரோ பெரும்பாக்கத்தில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்துகொண்டு இட்லி மாவு அரைத்து விற்கிறாள். மருமகள் வேலைக்குப் போகாத நாட்களில், "இன்னிக்கு நான் இன்னா வந்து செத்தேன்?" என்று அவளே கேட்பாள். கேட்டுவிட்டு, தன் சாவில் கிடைத்த லீவு வீணாகாமல் மருமகளை ரேஷன் கடைக்கு அனுப்பிவைப்பாள்.

இதைக் கேட்டு யாரும் முகம் சுளிக்க வேண்டாம். தி.நகர் ஜவுளிக்கடையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே லீவு சாவு வீட்டு வழியாகத்தான் வரும். கல்யாணம் என்றால் பத்திரிகை எங்கே என்பார்கள். காய்ச்சல் என்றால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வா என்பார்கள். சாவுக்கு மட்டும்தான் எதிர்க்கேள்வி கிடையாது. அதனால் லீவு என்று போய் நின்றாலே மேனேஜர் சிதம்பரநாதன் தலையை நிமிர்த்தாமல் கேட்பது ஒன்றுதான்: "யாரு செத்தா?"

காட்டன் செக்ஷன் தங்கம், இல்லாத தாத்தாவை நான்கு முறை அடக்கம் செய்தவள். பில்லிங் கவுன்ட்டர் ஜெயஸ்ரீக்கு அந்தப் பாவம் வேண்டியிருக்கவில்லை. மயிலாப்பூர்க்காரி, அவள் அப்பா நிஜமாகவே காலமானவர். அவருக்கு வருஷத்துக்கு மூன்று திவசம் வந்தது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த சிதம்பரநாதனுக்கு மயிலாப்பூர்ப் பஞ்சாங்கம் என்ன தெரியும்?

கடையின் பெயர் வேண்டாம். உஸ்மான் ரோட்டை ஒட்டி ஐந்து மாடி, மூன்றாவது மாடியில் பட்டு. அங்கே அன்புக்கரசி பதினெட்டு வருஷமாக நிற்கிறாள். 'சேல்ஸ் கேர்ள்' என்றுதான் இன்னும் பேர், நாற்பத்தாறு வயதிலும். ஊழியர்கள் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது கவுன்ட்டருக்கு ஒரு ஸ்டூல் வந்தது. வந்த அன்று மத்தியானமே அதன்மேல் ஒரு சேலைக்கட்டு ஏறி உட்கார்ந்தது. இன்றுவரை அதுதான் உட்கார்ந்திருக்கிறது. அன்புக்கரசியின் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலம் பாரித்துவிட்டது. யூனிபார்ம் சேலை கால்வரை மூடுவதால் வாடிக்கையாளர் கண்ணுக்கு அது படாது.

அவள் பிறந்தது அடையாற்றங்கரைக் குடிசையில். ஆற்றோரத்தைக் காலி செய்து பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பிவைத்தபோது அவளும் அம்மாவும் புருஷனும் மகளும் மாமியாரும் ஒரே லாரியில் போனார்கள். அன்றிலிருந்து வேலைக்கு இரண்டு பஸ். ஆனாலும் தாமதமாக வந்தாள் என்று அவள்மேல் ஒரு சொல் கிடையாது. வேலைக்காரி என்றால் அப்படி ஒரு வேலைக்காரி. அதனால்தான் அந்த ஒரு நாள் அவளுக்கு ஆறவே இல்லை.

மகள் அனுப்ரியாவைக் காலேஜில் சேர்க்க ஒரு நாள் வேண்டியிருந்தது. மாமியார் ஏற்கெனவே மூன்று தடவை செத்தாயிற்று. நான்காவது தடவை சாகடித்தால் கடையே சிரிக்கும். வேறு வழியில்லாமல் நாக்கைக் கடித்துக்கொண்டு, "எங்கம்மா சார்" என்று சொல்லிவிட்டாள். சிதம்பரநாதன் மாலைக்கென்று கையிலிருந்து பணம்கூட எடுத்துக் கொடுத்தார். அந்தப் பணத்தில் மகளுக்கு ஒரு பை வாங்கினாள்.

அடுத்த வருஷம் ஆடித் தள்ளுபடி நேரத்தில் அம்மா நிஜமாகவே போய்ச் சேர்ந்தாள். வேலை நேரத்தில் ஊழியர்களின் போன்களைக் கடை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆகவே சேதி முத்தம்மா வாயிலாக வந்தது. முத்தம்மா ஆற்றங்கரைக் காலத்துச் சிநேகிதி. பழைய ஆம்னி வேன் ஒன்றில் கோயம்பேட்டிலிருந்து மயிலாப்பூர் மாட வீதிக் கடைகளுக்குப் பூ ஏற்றி ஓட்டுகிறவள். வண்டியை நடுரோட்டில் போட்டுவிட்டு மூன்று மாடி ஏறி மூச்சிரைக்க வந்து சொன்னாள். அன்புக்கரசி அழுதபடி மேனேஜரிடம் ஓடினாள்.

"உங்கம்மாவா?" என்றார் சிதம்பரநாதன். "போன வருசம் நாந்தான மால வாங்கக் காசு குடுத்தேன். எத்தன அம்ம உனக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாவம், அவர்களுக்கும் நிஜம் தெரியாது. முத்தம்மா கத்தினாள், சண்டை போட்டாள், கடைசியில் அனுப்ரியாவை வீடியோ காலில் வரவழைத்துக் காட்டினாள். அதற்குள் கீழே ஆடிக் கூட்டம், வெளியே போக்குவரத்து நெரிசல். பெரும்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை எடுத்துவிட்டார்கள். வெக்கை, வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். தெருவில் சாமந்தி இதழ்தான் கிடந்தது. அம்மா முகத்தை அவள் பார்க்கவில்லை.

யார்மேல் கோபப்படுவது? மேனேஜர்மேல் கோபம் வந்தது. சிரித்தவர்கள்மேல் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்மேலேயே வந்தது. ஒரு லீவுக்காக மனுஷி செத்துக் காட்ட வேண்டிய கடையில், நிஜமாகவே செத்தவளுக்காக லீவு கிடைக்கவில்லை. இனி லீவுக்காக ஒரு ஈ எறும்பைக்கூடச் சாகடிப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினாள். அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் அவள் லீவே கேட்கவில்லை.

இந்தத் தை மாதம் ஒரு குடும்பம் கல்யாணப் பட்டு எடுக்க வந்தது. அடையாற்றுக்காரர்கள். மலைமலையாகப் பிரித்துப் போட்டும் எதுவும் பிடிக்கவில்லை. ஆனால் வாய் ஓயவில்லை. ராக்கெட் விடுவதை நேரில் பார்த்துவிட்டு வந்தார்களாம். சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளே தவில் அடித்தாற்போல் இருந்ததாம். மணப்பெண்ணின் அப்பா அதைச் சொல்லும்போது கையால் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

அன்புக்கரசி சேலையை மடித்தபடியே கேட்டாள். "அது எந்த ஊர்ல சார்? டில்லி பக்கமா?"

"சூலூர்பேட்டைகிட்டம்மா. இங்கேருந்து ரெண்டு மணி நேரம். சென்ட்ரல்லேருந்து லோக்கல் ட்ரெயினே போகுதே!"

சுருக்கென்றது அவளுக்கு. சூலூர்பேட்டை என்று பலகை மாட்டிய ரயிலை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அந்தக் குடும்பம் ஒரு சேலையும் எடுக்காமல் போனது. மடித்து வைக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரே ஆத்திரம். ரெண்டு மணி நேரத் தொலைவில் ஆகாசத்துக்கு வண்டி போகிறது. அவளுக்கோ மூன்றாவது மாடியைத் தாண்டி நான்காவது மாடிகூடத் தெரியாது.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஜெயஸ்ரீயிடம் சொன்னாள். ஜெயஸ்ரீ கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், அண்ணா குடும்பத்தோடு இருக்கிறாள். மோர் மிளகாயை நீட்டியபடி கேட்டாள்.

"அப்போ போகலாமே? புதன்கிழமை காலம்பற ஒண்ணு விடறாளாம். அண்ணா பிள்ளை பிரணவ் ஆத்துல சொல்லிண்டிருந்தான். அவன் டென்ட்கூட வெச்சிருக்கான், மலையேறப் போவானே, அது. செவ்வாய்க்கிழமையே கிளம்பி ராத்திரி அங்கயே தங்கிடலாம். எங்கப்பாவுக்கு ஒரு திவசம் போட்டுடறேன்."

முத்தம்மாவைக் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. "எனுக்கு நானே மொதலாளி. பெட்ரோல் மட்டும் ஊத்துங்க, சந்திரனுக்கே இட்னு போறேன்" என்றாள்.

புதன் அன்புக்கரசியின் வார விடுமுறை. செவ்வாய்க்குத்தான் கேட்க வேண்டும். போய் நின்றாள்.

"யாரு செத்தா?" என்றார் சிதம்பரநாதன்.

"யாரும் இல்ல சார். ராக்கெட் பாக்கப் போறேன்."

அவர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். "என்னது? வெளையாடுதியா?"

"இல்ல சார். பிரெண்ட்சோட போறேன். கூடாரம் போட்டுத் தங்கப்போறோம். பறவைங்களும் கீதாம் அங்க."

"தை முகூர்த்தம் தலைக்கு மேல கெடக்கு. நீ கூடாரம் போடப் போறேன்னு சொல்லுதே. ஏ அன்பு, ஒரு மாமியா, ஒரு மச்சினன், யாரையாச்சும் சொல்லிட்டுப் போயேன். நானும் மொதலாளிட்ட பதில் சொல்லணும்லா?"

"சொல்ல மாட்டேன் சார்."

"அப்ப லீவு கெடையாது."

"நான் கேக்கல சார். சொல்லிட்டுப் போறேன்."

சிதம்பரநாதன் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவரே தன் சொந்த மைத்துனனை ஒரு தடவை கொன்றுவிட்டுத் திருச்செந்தூர் போய் வந்தவர்தான். ஆனால் பட்டு செக்ஷன் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. விட்டுக்கொடுத்தால் நாளைக்கு ஒருத்தியும் மதிக்க மாட்டாள். "போ" என்றார். "ஆனா வியாழக்கெழம கட தொறக்கும்போது நீ கவுன்ட்டர்ல நிக்கணும். நிக்கலேன்னா இங்க வராத."

அந்தச் சொல்லின் கனம் அவளுக்குத் தெரியும். புருஷன் அம்மாசிக்குப் பெயின்ட் வேலை, மழை பெய்தால் கிடையாது. மகளுக்குப் படிப்பு முடியவில்லை. இந்த வயதில் வேறு கடை ஏறினால், இருபது வயதுப் பெண்ணை அனுப்பு என்பார்கள். இருந்தும் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆம்னி வேன் மல்லிகை வாசனையோடு வடக்கே ஓடியது. ஜெயஸ்ரீ புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அன்புக்கரசி எடுத்துவந்த தூக்கில் மாமியார் கொடுத்துவிட்ட நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு இருந்தது. "அது என்னடி ஒரு வாசனை?" என்று மூக்கைப் பொத்திய ஜெயஸ்ரீ, கும்மிடிப்பூண்டி தாண்டும்வரை ஜன்னலை மூடவே இல்லை.

"மூட்னு குந்து. எங்க வாசன ஒனக்கு, ஒன் பெருங்காயம் எங்களுக்கு. சரிக்கு சரி" என்றாள் முத்தம்மா.

ஆந்திர எல்லையில் போலீஸ்காரர்கள் எதற்கோ வண்டியை நிறுத்தினார்கள். மூன்று பொம்பளைகள், ஒரு மூட்டை, எங்கே போகிறீர்கள் என்று சந்தேகமாகக் கேட்டார்கள். முத்தம்மா வீட்டில் பேசுகிற தெலுங்கில் விளாசினாள். ராக்கெட் பார்க்க என்றதும் கேட்ட ஆள், ஆம்பளை யாரும் வரவில்லையா என்றார். அவர்கள் ராக்கெட்டுக்குள்ளே இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு முத்தம்மா கியர் போட்டாள்.

நேலப்பட்டு ஏரியில் கூழைக்கடாக்கள் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டியிருந்தன. மரத்துக்கு மரம் வெள்ளை வெளேரென்று கூட்டம். குஞ்சு ஒன்று தாயின் வாய்க்குள்ளே கழுத்துவரை தலையை விட்டு மீனைத் தேடியது. "அடப்பாவி, தொண்டையிலேருந்தே புடுங்குதுடி! எம்புள்ளைங்களே பரவால்ல" என்றாள் முத்தம்மா. ஜெயஸ்ரீ நாற்றம் தாங்காமல் புடவைத் தலைப்பால் மூக்கை மூடியபடி, ஆனால் நகராமல் நின்று பார்த்தாள்.

சாயங்காலம் பழவேற்காட்டு ஏரிக்கரைக்குப் போனார்கள். தண்ணீர் கணுக்காலளவு, கண்ணுக்கெட்டியவரை. அதில் பூநாரைகள் ரோஜா நிறத்தில் ஆயிரக்கணக்கில் நின்றன. சில ஒற்றைக்காலில் நின்றன.

"பாரு, இதுங்களும் நம்ம சாதிதான்" என்றாள் அன்புக்கரசி. "நாள் பூரா நின்னுக்கினே கீது."

"அதுகளுக்கு எந்த மேனேஜர்டி? கால் வலிச்சா பறந்துடும்" என்றாள் ஜெயஸ்ரீ.

அன்புக்கரசி சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினாள். சுருண்ட நரம்பெல்லாம் வெளியே தெரிந்தது. தெரிந்தால் தெரியட்டும் என்று நின்றாள். சேற்றில் கால் குளிர்ந்தது. பதினெட்டு வருஷத்தில் தானாக விரும்பி நின்றது அன்றைக்குத்தான்.

சூலூர்பேட்டைக்கு வெளியே ஒரு டீக்கடைக்காரம்மா கடைக்குப் பின்னால் டென்ட் போட இடம் கொடுத்தாள். பிரணவ் அனுப்பிய வீடியோவைப் பார்த்துப் பார்த்துக் கம்பியைச் சொருகினார்கள். எல்லாம் முடித்துப் பார்த்தால் டென்ட்டின் வாசல் கடைச் சுவரைப் பார்த்து இருந்தது. மறுபடி பிடுங்க யாருக்கும் தெம்பில்லை. மூன்று பேரும் பக்கவாட்டில் நண்டு மாதிரி நுழைந்து படுத்தார்கள். சிரித்துச் சிரித்து ஜெயஸ்ரீக்கு விக்கல் வந்துவிட்டது. கருவாட்டுத் தொக்கை அவள் எப்போது தொட்டாள் என்று தெரியாது, காலையில் தூக்கு காலியாக இருந்தது.

புதன்கிழமை ராக்கெட் தளத்துப் பார்வையாளர் மாடத்தில் நல்ல கூட்டம். முன்கூட்டியே பதிந்துகொண்டு, ஆதார் காட்டி உள்ளே போக வேண்டும். அதையெல்லாம் ஜெயஸ்ரீ பார்த்துக்கொண்டாள். வெளியே மாதிரி ராக்கெட்டுகள் வரிசையாக நின்றன. உள்ளே காட்சிக்கூடத்தில் செயற்கைக்கோள்கள் தகடும் கம்பியுமாக இருந்தன. ஒன்றின்மேல் சுற்றியிருந்த தங்க நிறத் தாளைப் பார்த்து அன்புக்கரசி நின்றுவிட்டாள். "சரிகை சுத்தமா கீதுடி" என்றாள். பிறகு படியில் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். ஒலிபெருக்கியில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. ஜனங்கள் எழுந்து நின்றார்கள். திடீரென்று எண்ணுவது நின்றது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அறிவிப்பு வந்தது: ஏதோ கோளாறு, இன்று இல்லை, நாளை காலைக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.

ஆயிரம் பேர் ஒன்றாகப் பெருமூச்சு விட்டார்கள். ஜெயஸ்ரீ முகம் வெளுத்துவிட்டது.

"நாளைக்கா? நாளைக்கு நான் என்னடி சொல்லுவேன்? ராக்கெட் தள்ளிப்போகும், திவசம் தள்ளிப்போகுமா?"

முத்தம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அன்புக்கரசிக்குச் சிரிப்பு வரவில்லை. கடை திறக்கும்போது கவுன்ட்டரில் நிற்க வேண்டும். இப்போதே கிளம்பினால் நிற்கலாம். ராக்கெட் போகும் நேரம்வரை இருந்தால் வேலை போகும். இரண்டும் சேர்ந்து நடக்காது.

வேனில் வந்து உட்கார்ந்ததும் முத்தம்மா சொன்னாள். "தே, நீ இன்னாத்துக்கு யோசிக்கிற? ஒன் மாமியாருக்கு ஒரு போன் போடு, செத்துக்கோன்னு சொல்லு. அது பாட்டுக்குச் செத்துக்கும். பயக்கம்தானே?"

"ஒரே ஒரு தடவை அன்பு. பிள்ளை படிப்பு இருக்கு" என்றாள் ஜெயஸ்ரீ.

அவர்கள் சொன்னதில் தப்பில்லை. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. போனை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தாள். பிறகு எண்ணை அழுத்தினாள்.

"சார், ராக்கெட் இன்னிக்குப் போகல. நாளைக்குத்தான் விடுறாங்களாம். நான் பாத்துட்டு மத்தியானம் வரேன்."

அந்தப் பக்கம் சேலைக்கு விலை கேட்கும் இரைச்சல். சிதம்பரநாதன் குரலைத் தாழ்த்தினார். "ஏ பிள்ள, நான் சொன்னத நீ வெளையாட்டுன்னு நெனச்சியா? மொதலாளி தம்பி வேற நாளைக்கு மாடிக்கு வாரார். சரி, மாமியாருக்கு முடியலன்னு சொல்லுதேன். நீ ஆமான்னு மட்டும் சொல்லு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

எத்தனை எளிது! ஒரே ஒரு 'ஆமா'. வேலை இருக்கும், பட்டு கவுன்ட்டர் இருக்கும், ராக்கெட்டும் இருக்கும்.

"மாமியார் நல்லாத்தான் இருக்காங்க சார்" என்றாள். "நான் ராக்கெட் பாக்கத்தான் நிக்கிறேன்."

போன் வைக்கப்பட்டது. ஜெயஸ்ரீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தன் போனை எடுத்து அணைத்துப் பைக்குள் போட்டாள்.

வியாழக்கிழமைக்கு மாடத்தில் இடம் கிடைக்குமா என்று தெரியவில்லை. டீக்கடைக்காரம்மா சொன்ன யோசனைப்படி ஊர்ஜனங்களோடு ஏரிக்கரையில் போய் நின்றார்கள். எண்ணிச் சொல்ல ஒலிபெருக்கி இல்லை. ஒரு மீன்காரர் போனைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

தொலைவில், மரங்களின் வரிக்கு மேலே, ஒரு வெளிச்சம் கிளம்பியது. சத்தமே இல்லை. நெருப்புத் துண்டு ஒன்று நிதானமாக, யாருக்கும் அவசரப்படாமல் மேலே ஏறியது. 'இவ்வளவுதானா?' என்று அவளுக்கு நெஞ்சு வெறுமையானது. இதற்கா வேலையைப் பணயம் வைத்தேன் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

அப்போதுதான் அது வந்தது. முதலில் காலுக்கடியில் மண், பிறகு வயிறு, பிறகு நெஞ்சு. காது கேட்பதற்கு முன்னால் உடம்பு கேட்டது. ஏரி முழுக்க நின்றிருந்த பூநாரைகள் ஒரே வீச்சில் எழும்பின. தண்ணீருக்கு மேலே ரோஜா நிறமும் கறுப்புமாக இறக்கை. மேலே அந்த நெருப்பு மேகத்தைக் குத்திக்கொண்டு உள்ளே போனது. அன்புக்கரசி வாய்விட்டு, "யம்மா!" என்று கத்தினாள். கத்தியது ராக்கெட்டைப் பார்த்துத்தான். ஆனால் கத்தியபின் நிறுத்த முடியவில்லை. "யம்மா, யம்மா" என்று அழுதாள். ஒன்றரை வருஷமாக அழாமல் வைத்திருந்தது அது. பொய்யாக அழுத கண்ணுக்கு நிஜமாக அழ வெட்கமாக இருந்து, அவள் அம்மாவுக்காகச் சரியாக அழவே இல்லை. முத்தம்மாவுக்குப் புரிந்தது. அன்புக்கரசியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானம் நேராகக் கடைக்கே வந்தார்கள். யூனிபார்ம் மாற்றிக்கொண்டு இரண்டு பேரும் மூன்றாவது மாடி ஏறினார்கள். பட்டு செக்ஷனில் கூட்டம். முதலாளியின் தம்பி கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சிதம்பரநாதன் அவளைப் பார்த்ததும் பரபரப்பாக வந்து, தம்பி காதில் விழும்படி சத்தமாகக் கேட்டார்.

"வாம்மா. யாரு செத்தா?"

அது அவளைக் காப்பாற்றக் கேட்ட கேள்வி. அவளுக்கும் அது தெரிந்தது.

"யாரும் சாகல சார்" என்றாள், அதே சத்தத்தில். "எங்க வீட்ல எல்லாரும் உயிரோட இருக்காங்க. எங்கம்மா மட்டும்தான் செத்தாங்க. அன்னிக்கு நீங்க நம்பல. அதுக்கு நானும்தான் காரணம். அதனால இனிமே பொய் சொல்றதில்ல. ராக்கெட் பாத்துட்டு வந்தேன்."

சேலை பிரிக்கிற கைகூட நின்றது. பின்னாலிருந்து ஜெயஸ்ரீ சொன்னாள். "நானும்தான் சார். எங்கப்பா திவசம் மார்கழியிலயே முடிஞ்சுடுத்து."

சிதம்பரநாதன் முகத்தில் கோபமா வெட்கமா என்று சொல்ல முடியவில்லை. முகூர்த்த நேரத்தில் பட்டு விற்கத் தெரிந்தவளையும் பில் போடத் தெரிந்தவளையும் ஒரே நாளில் துரத்த முதலாளியின் தம்பிக்கும் மனசில்லை. "வாசல்ல போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப்போனார். ஜெயஸ்ரீ பில்லிங்குக்குத் திரும்பினாள். வாசல் அன்புக்கரசிக்கு.

வாசலில் நின்று கூவி அழைப்பது புதிதாகச் சேர்ந்த பையன்களின் வேலை. வெயில், தூசி, ஹாரன். பட்டு மாடியிலிருந்து வாசலுக்கு இறங்குவது என்றால் கன்னத்தில் அறைவதுபோல. அன்புக்கரசி முந்தானையைச் செருகிக்கொண்டு போய் நின்றாள். "வாங்கம்மா, பட்டு மூணாவது மாடி" என்று கூப்பிட்டாள்.

பதினெட்டு வருஷத்து வாடிக்கைக்காரர்கள் சும்மா போவார்களா? "என்னம்மா, மேல இருந்தியே, ஏன் வாசல்ல நிக்கிற?" என்று கேட்டார்கள்.

"ராக்கெட் பாக்கப் போனேன்மா. அதுக்குத் தண்டனை" என்றாள். ஒருத்தரிடம் அல்ல, கேட்ட அத்தனை பேரிடமும். சந்தைக் கூட்டத்துக்கு மேலே கேட்கும் குரலில், உள்ளது உள்ளபடி. சிலர் சிரித்தார்கள், சிலர் சத்தம் எப்படி இருந்தது என்று விசாரித்தார்கள், ஒரு அம்மாள் மேலே போய்ச் சிதம்பரநாதனிடமே நியாயம் கேட்டுவிட்டு வந்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் சிதம்பரநாதன் இறங்கி வந்தார்.

"எல்லார்ட்டயும் இத இப்படிச் சொல்லணுமாக்கும்?"

"கேட்டா சொல்லணும்ல சார்."

"சரி, மேல போ."

"இன்னிக்கு நிக்கச் சொல்லிட்டாங்க. நின்னுட்டே வரேன்" என்றாள். நின்றாள், ஷட்டர் இறங்கும்வரை.

கடை மூடியதும் எல்லாரையும் கீழே வரிசையில் நிறுத்தி நாளைய முகூர்த்த வேலையைப் பிரித்துச் சொல்வது வழக்கம். சிதம்பரநாதன் சொல்லி முடித்தார். கிளம்பலாம் என்று கையை அசைக்கும்போது, காட்டன் செக்ஷன் தங்கம் வரிசையை விட்டு முன்னால் வந்தாள். தாத்தாவை நான்கு முறை புதைத்த தங்கம்.

"சார், செவ்வாக்கிழமை எனக்கு லீவு வேணும்."

அவர் களைத்துப்போயிருந்தார். பழக்க தோஷத்தில் கேட்டார். "யாரு செத்தா?"

"யாரும் சாகல சார். எனக்குத் தூங்கணும்."